எண் தெரியாத வண்டியும் இரண்டு லட்சம் ரூபாயும்

2024 ஆகஸ்டில் ஒரு விடியற்காலை, ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து, மொபெட்டில் சத்துவாச்சாரிக்குத் திரும்பிக்கொண்டிருந்த என் தாய்மாமாவைச் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் ஏதோ ஒரு வண்டி இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையில் அன்று மாலையே மாமா இறந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் இழப்பீட்டைப் பற்றி யோசிக்கவே எங்களுக்குத் தெம்பு வந்தது.

வேலூரில் நாங்கள் பார்த்த வழக்கறிஞர் நேர்மையானவர். விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட வேண்டுமானால் வண்டியின் உரிமையாளரும் இன்சூரன்ஸ் கம்பெனியும் எதிர்மனுதாரர்களாக இருக்க வேண்டும் என்றும், எண்ணே தெரியாத வண்டிக்கு யாரைச் சேர்ப்பது என்றும் கேட்டுவிட்டு, மோட்டார் வாகனச் சட்டத்தின் 161-ஆம் பிரிவைக் காட்டினார். இடித்துவிட்டு ஓடிய வண்டி தெரியாவிட்டாலும், மரணத்துக்கு 2 லட்சம் ரூபாயும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் தரும் திட்டம் 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதற்கு முன்பு இருந்த தொகை முறையே 25,000, 12,500 என்று அவர் சொன்னபோது அத்தை ஒன்றும் பேசவில்லை. ஒரு மாதத்துக்குள் வண்டி தெரியாவிட்டால் இந்தத் திட்டத்தைப் பற்றிக் குடும்பத்தாருக்குக் காவல்துறையே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜனவரியில் உத்தரவிட்டிருந்தது. எங்களுக்கு அப்படி எந்தக் கடிதமும் வரவில்லை.

முதல் தவறு என்னுடையது. வீடு வேலூர், பிரேதப் பரிசோதனை நடந்ததும் வேலூர் மாவட்டம் என்பதால் வேலூர் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு மனுவை எடுத்துப்போனேன். வாங்கிப் பார்த்தவர், விபத்து நடந்த இடத்துக்கு உரிய கோட்டாட்சியரிடம்தான் கொடுக்க வேண்டும் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். 2019-இல் ராணிப்பேட்டையைத் தனி மாவட்டமாகப் பிரிப்பதற்கு முன்பு எல்லாம் ஒரே மாவட்டமாக இருந்ததால், எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு விபத்து நடந்த ஆற்காடு இன்றும் வேலூர்தான், காகிதத்துக்கு அப்படியில்லை. மறுநாள் ராணிப்பேட்டைக்குப் பஸ் ஏறினேன்.

முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், அத்தையின் ஆதார், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் ஆகியவற்றைச் சேர்ப்பதில் பெரிய சிரமம் இல்லை. சிரமம் பெயரில் இருந்தது. மாமாவின் பெயர் ஆதாரில் முன்னெழுத்தோடும் முதல் தகவல் அறிக்கையில் முன்னெழுத்து இல்லாமலும் இருந்தது. அத்தையின் பெயரோ வங்கிப் புத்தகத்தில் ஒரு எழுத்து மாறிக் கிடந்தது. மாமாவின் இரண்டு பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று உறுதிமொழிப் பத்திரம் தயாரித்து, வங்கிக் கணக்கில் அத்தையின் பெயரைத் திருத்தி முடிப்பதற்கு ஐந்து வாரம் போனது. இதை யாராவது முன்பே சொல்லியிருந்தால், துக்கம் விசாரிக்க வந்த கூட்டத்திலேயே ஒரு ஆளை இந்த வேலைக்கு அனுப்பியிருப்பேன்.

மனு முழுமையான பிறகு காரியம் நகர்ந்தது. கோட்டாட்சியர் விசாரித்து ஒரு மாதத்துக்குள் மாவட்ட ஆட்சியருக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். ஆட்சியர் 15 நாளில் அனுமதி தர வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிகளின் அமைப்பான பொதுக் காப்பீட்டு மன்றம் அடுத்த 15 நாளில் பணம் செலுத்த வேண்டும் என்பது விதி. இந்தக் காலக்கெடுக்களைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு, தேதி நெருங்கும்போது மட்டும் போய்ப் பணிவாக விசாரித்தேன். நாள்தோறும் போய் நிற்பதைவிட அதற்கு மதிப்பு இருந்தது. இடைத்தரகர் யாரும் தேவைப்படவில்லை.

பணம் நேராக அத்தையின் கணக்கில் வந்து சேர்ந்தது. முன்னதாக அவர் ஓர் உறுதிமொழியில் கையெழுத்திட்டிருந்தார்: பின்னாளில் அந்த வண்டி பிடிபட்டு, தீர்ப்பாயம் இழப்பீடு வழங்கினால், இந்த 2 லட்சத்தைத் திருப்பித் தர வேண்டும். அதன் நகலை அத்தை, மாமாவின் ஓட்டுநர் உரிமத்தோடு சேர்த்துத் தகரப் பெட்டியில் வைத்திருக்கிறார்.