மட்டக்களப்பு வீட்டில் மின்னல் உணரி: வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறுவோருக்கு

வெளிநாட்டிலிருந்து வந்து மட்டக்களப்பில் வீடு திறந்து இருக்கத் தொடங்குகிறவர்கள் முதலில் மாற்றிக்கொள்ள வேண்டியது மின்னல் காலக் கணக்கை. ஜெர்மனியிலும் சுவிஸிலும் இடி பெரும்பாலும் கோடையோடு போய்விடும். இங்கே பருவக்காற்று மாறும் மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மத்தியானம் கழிந்தால் முழக்கம் வரும் என்றே வேலைகளை வகுக்க வேண்டும். தென்மேல் பருவக் காலத்திலும் மேற்கே மலைப்பக்கம் எழும்பும் முகில் பின்னேரத்தில் படுவான்கரை (வாவியின் மேற்குக் கரை) வயல்களுக்கு மேலாக வாவிப் பக்கம் வரும். ஆட்கள் வெட்டவெளியில் வேலை செய்யும் இடமும் அந்த வயல்கள்தான்.

முழக்கம் நெருங்குவதை முன்கூட்டி அறிய உதவுவது மின்னல் உணரி, தூரத்து மின்னலின் அலையைக் கேட்டுச் சொல்லும் கருவி. வீட்டில் பூட்ட ஏற்றது, அந்த வேலையைச் செய்யும் ஏ.எஸ்.3935 சில்லு உள்ள சிறிய பலகை. அதோடு அதை வாசிக்க ஈ.எஸ்.பி.32 என்ற சிறு கணினிப் பலகை ஒன்று, ஆறு வயர், மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா. தகர டப்பா கூடாது. மின்னலின் காந்த அலையை அது தடுத்துவிடும். வயர்களில் இரண்டு 3.3 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும், இரண்டு ஐ2சி (இரு வயரில் சில்லுகள் பேசும் முறை) தரவுக்கு, ஒன்று உணரி சைகை அனுப்பும் குறுக்கீட்டுப் பின்னுக்கு. ஆறாவதால், பேசும் முறையைத் தெரிவுசெய்யும் எஸ்.ஐ. பின்னை 3.3 வோல்ட்டோடு இணைத்தால்தான் உணரிப் பலகை ஐ2சி முறையில் பேசும். பலர் அதை விட்டுவிட்டுப் பலகை பழுது என்று நினைப்பதுண்டு.

அடுத்தது அன்டெனாவைச் சுருதி சேர்ப்பது. அது 500 கிலோஹேர்ட்ஸில் ஒத்திசைய வேண்டும், 3.5 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. அன்டெனாவின் அதிர்வைக் குறுக்கீட்டுப் பின்னுக்குத் திருப்பி, 16ஆல் வகுத்து அளந்தால் 31,250 ஹேர்ட்ஸ் வர வேண்டும். 30,156க்கும் 32,344க்கும் இடையில் நின்றால் போதும். இல்லாவிட்டால் சில்லுக்குள் இருக்கும் கொள்ளளவியை (கப்பாசிட்டர்) 0 தொடக்கம் 15 வரை ஒவ்வொரு படியாக மாற்றுங்கள். ஒரு படி 8 பிக்கோஃபாரட். மலிவுப் பலகைகளில் இந்த வேலையைச் செய்யாமல் விட்டால் பக்கத்தில் விழும் மின்னலைக்கூட அது தவறவிடும்.

ஆனால் பெரும்பாலானவர்கள் தோற்பது வீட்டுக் கறண்டின் இரைச்சலிடம். எல்.ஈ.டி. பல்ப், ஃபோன் சார்ஜர், ஃபேன் ரெகுலேட்டர், கூரையில் சோலார் இருந்தால் அதன் இன்வேர்ட்டர், எல்லாம் இந்த அலைவரிசையில் கீச்சிடும். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த சாமான்களின் இரட்டை முனை பிளக்கை இங்குள்ள மூன்று முனை சொக்கட்டில் அடெப்டர் வைத்துச் செருகினால், தொடுகை தளர்ந்து உள்ளே சிறு பொறி பறக்கும். அதையும் உணரி கேட்கும். முதல் வாரத்திலேயே அந்தப் பிளக்குகளை வெட்டி, எர்த் உள்ள சாமானுக்கு எர்த்தும் கொடுத்து, இங்குள்ள பிளக்கை ஒரு எலக்ட்ரீசியனைக் கொண்டு போடுவித்துவிடுங்கள். உணரிக்கும் நல்லது, உயிருக்கும் நல்லது.

அமைதியான இடம் தேடப் பழைய பற்றரி ரேடியோ போதும். மத்திய அலையில் முள்ளை அடிக்கோடிக்கு, 530 கிலோஹேர்ட்ஸ் பக்கம் கொண்டுபோய், வீடு முழுக்க நடந்து பாருங்கள். கரகரப்பு எங்கே குறைவோ அங்கே டப்பாவை வையுங்கள். பிறகு உணரிக்குப் பவர் பேங்க் கொடுத்து, மெயின் சுவிட்சை இறக்குங்கள். பொய்ச் சைகை நின்றால் குற்றவாளி வீட்டுக்குள்தான். பிரேக்கர்களை ஒவ்வொன்றாக ஏற்றினால் எந்த அறை என்று தெரிந்துவிடும். பவர் பேங்குக்குள்ளும் இரைச்சல் உண்டு, அரை மீற்றராவது தள்ளி வையுங்கள். சில்லின் இரைச்சல் மட்டம், கண்காணிப்பு வரம்பு என்ற இரண்டு அமைப்பு எண்களையும் கூட்டிப் பொய்ச் சைகையை அடக்குவது சுலபம். ஆனால் தூர மின்னல் அதோடு போய்விடும். இரண்டும் 2இல் தொடங்கும். முதலில் இடத்தை மாற்றுங்கள், எண்ணைத் தொடுவது கடைசியில்.

தகரக் கூரைக்கு நேர் கீழே வைக்க வேண்டாம். கல்லடி, நாவலடி போலக் கடலோர வீடுகளில் உப்புக் காற்றில் பலகையின் பின்களில் பச்சை பிடிக்கும். ஜம்பர் வயரை நம்பாமல் ஈயம் வைத்து ஒட்டுங்கள், டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். வெளியே நீள வயர் இழுக்கவே கூடாது. அது மின்னலை வீட்டுக்குள் அழைக்கும் வழி. இந்தக் கருவி இடிதாங்கியும் அல்ல. முழக்கத்தில் ட்ரிப் சுவிட்ச் விழுவதைப் பார்த்து அது காப்பாற்றிவிட்டது என்று எண்ணாமல், டிவி, ரூட்டர் பிளக்குகளை முன்கூட்டியே கழற்றுங்கள்.

குறுக்கீட்டுப் பின்னில் சைகை வந்ததும் 2 மில்லிசெக்கன் பொறுத்துக் காரண எண்ணைச் சில்லிலிருந்து வாசிக்க வேண்டும்: 8 மின்னல், 4 மனிதன் செய்த குழப்பம், 1 இரைச்சல். தூரம் 40 கிலோமீற்றரிலிருந்து 37, 34, 31 என்று படிப்படியாக இறங்கி 1க்கு வரும். அது முகில் கூட்டத்தின் முன்முனை வரையான மதிப்பீடு, திசை காட்டாது. திசையும் இடமும் வேண்டுமானால் பிளிட்ஸோர்டுங் போன்ற வலையமைப்புத்தான் வழி. பல நிலையங்கள் ஜி.பி.எஸ். நேரத்தை ஒப்பிட்டு இடத்தைக் கணிக்கின்றன.

20 கிலோமீற்றர் காட்டும்போதே வயலுக்கு ஃபோன் எடுங்கள்: "மாமா, வாடிக்குள்ள நிக்காதீங்க, வீட்டுக்கு வாங்க." திறந்த வாடியும் (வயல் குடில்) தனி மரமும் காப்பாகாது, சுவர் உள்ள வீடு, இல்லாவிட்டால் மூடிய வாகனம். கடைசி முழக்கத்துக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் திரும்பப் போகலாம். முகில் தலைக்கு மேலேயே உருவானால் உணரிக்கும் முன்னறிவிக்க நேரம் இருக்காது. வானம் கறுத்தும் உணரி ஒன்றும் காட்டாவிட்டால் வானத்தையே நம்புங்கள்.