டீபக்கிங் ப்ராக்டிகல்ல இண்டெக்ஸ்டு-டிபி கேள்வி வந்தா ஆன்அபார்ட்ல இருந்து ஆரம்பிங்க

ப்ராக்டிகல் எக்ஸாம் ரிசல்ட் வந்துடுச்சு, க்ளியர் பண்ணியாச்சு, இப்பதான் மூச்சே விட முடியுது. அடுத்த பேட்ச்ல எழுதப் போறவங்களுக்காக சூடு ஆறுறதுக்குள்ள இதை எழுதிடறேன். பேட்டர்ன் உங்களுக்கே தெரியும். எம்சிக்யூ படிச்சா வந்துடும், அதை விடுங்க. ஆளைக் கவுக்கறது டீபக்கிங் ரவுண்டுதான்.

எனக்கு வந்த கேள்வி இண்டெக்ஸ்டு-டிபி பத்தினது, அதாவது ப்ரவுசருக்குள்ளயே டேட்டாவை சேமிச்சு வைக்கற டேட்டாபேஸ். ஆஃப்லைன்ல ஆர்டர் சேவ் பண்ற ஒரு ஆப், பட்டனை அமுக்குனா "சேவ் ஆயிடுச்சு"ன்னு மெசேஜ் வருது, பேஜை ரீலோட் பண்ணா ஆர்டரைக் காணோம். கன்சோல்ல ஒரு கன்ஸ்ட்ரெயின்ட் எரர் (டேட்டாபேஸ் விதியை மீறினா வர்றது) மட்டும். கோடைப் பாத்தா ஒரே ட்ரான்சாக்ஷன்ல (எல்லாம் சேர்ந்து சேவ் ஆகும், இல்லன்னா எதுவுமே ஆகாதுங்கற தொகுப்பு) முதல்ல ஆர்டரை புட் பண்றாங்க (அதே கீ இருந்தா மேலயே எழுதிடும்), அப்புறம் ஐட்டத்தை ஆட் பண்றாங்க (அதே கீ இருந்தா ஃபெயில் ஆகும்), மெசேஜ் காட்டுறது ஆர்டரோட ஆன்சக்சஸ்ல, அதாவது அந்த ஒரு ரிக்வெஸ்ட் ஜெயிச்சதும் கூப்பிடற ஹேண்ட்லர்ல. ஐட்டம் கீ (ஐட்டத்தோட அடையாளம்) ஏற்கனவே ஸ்டோர்ல இருக்கறதால ஆட் ஃபெயில் ஆகுது, அந்த எரரை யாரும் புடிக்கல, அதனால ட்ரான்சாக்ஷன் மொத்தமா அபார்ட் (ரத்து) ஆகி, சக்சஸ்னு சொன்ன ஆர்டரும் சேர்ந்து ரோல்பேக் ஆயிடுது, அதாவது எழுதாத மாதிரியே ஆயிடுது.

நான் திரும்பத் திரும்ப சொல்றது இந்த ஒண்ணைத்தான்: ரிக்வெஸ்ட்டோட ஆன்சக்சஸை நம்பாதீங்க, ட்ரான்சாக்ஷனோட ஆன்கம்ப்ளீட் வந்தாதான் சேவ் ஆச்சுன்னு அர்த்தம். எந்தக் கேள்வியா இருந்தாலும் ட்ரான்சாக்ஷன் ஓப்பன் பண்ண அடுத்த வரியிலயே ஆன்கம்ப்ளீட் (முழுசா முடிஞ்சா), ஆன்எரர் (ரிக்வெஸ்ட்ல எரர் வந்தா), ஆன்அபார்ட் (ட்ரான்சாக்ஷன் ரத்தானா) மூணு ஹேண்ட்லரையும் எழுதிட்டுதான் நான் புட் பக்கமே போவேன். ஸ்லோவா தெரியும், ஆனா எனக்கு நிதானமா போனாதான் கை ஓடும், வேகமா அடிக்கறவங்க வேற ரூட் வச்சிருக்கலாம்.

ஏன் ஆன்அபார்ட்னு இவ்ளோ அழுத்தறேன்னா, ஸ்டோரேஜ் நிறைஞ்சா ரிக்வெஸ்ட் எல்லாம் சக்சஸ் ஆகிட்டு கடைசில கமிட் (எழுதினதை உறுதி) பண்ணும்போது கோட்டா எக்ஸீடட், அதாவது ஒதுக்குன இடம் பத்தலங்கற எரர் வரலாம். அப்ப ஆன்எரர் கூப்பிடவே படாது, ஆன்அபார்ட் மட்டும்தான் வரும், காரணம் ட்ரான்சாக்ஷனோட எரர் ப்ராப்பர்ட்டில இருக்கும். அது நல், அதாவது காலியா இருந்தா நம்ம கோடே அபார்ட் கூப்பிட்டிருக்குன்னு புரிஞ்சுக்கலாம். க்ளாஸ் நோட்ஸ்ல இதைப் பத்தி ஒரு வரி கூட இல்ல, அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகல.

மத்ததெல்லாம் வேகமா:

- டூப்ளிகேட் கீ வந்தா பரவால்ல, மீதி சேவ் ஆகட்டும்னா அந்த ரிக்வெஸ்ட்டோட ஆன்எரர்ல ப்ரிவென்ட்-டிஃபால்ட் (வழக்கமா நடக்கற அபார்ட்டை நிறுத்தறது) போடணும். ஸ்டாப்-ப்ராபகேஷன் மட்டும் போட்டா ஈவென்ட் மேல ஏறாது, அவ்ளோதான், அபார்ட் நிக்காது.
- கன்ஸ்ட்ரெயின்ட் எரர் ஈவென்ட்டா வரும், ஆட் கூப்பிட்ட இடத்துல ட்ரை-கேட்ச் போட்டா மாட்டாது. டேட்டா எரர் (செல்லாத கீ), டேட்டா க்ளோன் எரர் (காப்பி பண்ண முடியாத டேட்டா), ரீட்ஒன்லி எரர் (படிக்க மட்டும் திறந்த ட்ரான்சாக்ஷன்ல எழுதறது) இதெல்லாம் அந்த இடத்துலயே த்ரோ ஆகும், அங்க ட்ரை-கேட்ச் வேணும்.
- ட்ரான்சாக்ஷன் நடுவுல ஃபெட்ச்சை (நெட்வொர்க்ல டேட்டா வாங்கறதை) அவெய்ட் பண்ணாதீங்க, அதாவது அதுக்காகக் காத்திருக்காதீங்க. பென்டிங் ரிக்வெஸ்ட் எதுவும் இல்லன்னா அது தானா கமிட் ஆயிடும், திரும்பி வந்து புட் பண்ணா ட்ரான்சாக்ஷன் இனாக்டிவ் எரர். நெட்வொர்க் வேலையை முதல்ல முடிச்சுட்டு அப்புறம் ஓப்பன் பண்ணுங்க.
- ரெண்டு டேப் திறந்து டிபியோட வர்ஷன் நம்பரை ஏத்திப் பாருங்க. பழைய டேப்ல ஆன்வர்ஷன்சேஞ்ச்ல டிபியை க்ளோஸ் பண்ணலன்னா புது டேப் ஆன்ப்ளாக்ட்ல நிக்கும்.

ப்ராக்டிஸ் பண்றப்ப ப்ராமிஸ் ரேப்பர் லைப்ரரி (இந்த ஈவென்ட்டையெல்லாம் ப்ராமிஸா மாத்தி மறைச்சுடறது) வேணாம், எந்த ஈவென்ட் எப்ப வருதுன்னு கண்ணுலயே படாது. குரோம் டெவ்டூல்ஸ்ல அப்ளிகேஷன் டேப், ஸ்டோரேஜ்க்குள்ள போனா கோட்டாவை நாமளே குறைச்சு வைக்கற ஆப்ஷன் இருக்கு, அதை சின்னதா வச்சுட்டு ஒரு பெரிய ப்ளாப்பை (ஃபைல் மாதிரி டேட்டாவை) புட் பண்ணி ஒவ்வொரு ஹேண்ட்லர்லயும் கன்சோல் லாக் போட்டுப் பாருங்க.

கடைசி சப்-கொஸ்டின் ரிட்ரை பத்தி. அபார்ட் ஆன ட்ரான்சாக்ஷனை மறுபடி யூஸ் பண்ண முடியாது, புதுசா ஓப்பன் பண்ணணும். கன்ஸ்ட்ரெயின்ட் எரர்னா அதே டேட்டாவை அப்படியே திரும்ப அனுப்பி பிரயோஜனம் இல்ல. கோட்டான்னா பழைய கேஷை வேற ட்ரான்சாக்ஷன்ல டெலீட் பண்ணிட்டு, அது ஆன்கம்ப்ளீட் ஆனதுக்கு அப்புறம் ரிட்ரை பண்ணுங்க, அதுவரைக்கும் யூசர் டைப் பண்ண ஃபார்மை க்ளியர் பண்ணிடாதீங்க.