360-இல் தொடங்குங்கள்

தோவாளைப் பூ வியாபாரிக்கோ கன்னியாகுமரியில் ரூம் வாடகைக்கு விடுகிறவருக்கோ வெப்சைட் செய்யும்போது, எந்த ஸ்கிரீன் சைஸுக்குச் செய்வது என்ற கேள்விதான் முதலில் வரும். 360 பிக்சல் அகலத்தில் தொடங்குங்கள் என்பேன். அங்கே சரியாக நின்ற பக்கம் பெரிய திரையில் சுலபமாக விரியும். லேப்டாப் அகலமான 1366-இல் வரைந்ததைப் போனுக்குள் மடக்குவதுதான் பெரும்பாடு.

இந்த 360, போன் பெட்டியில் அச்சடித்த எண் அல்ல. 720 × 1600 திரையுள்ள விலை குறைந்த போனில் பிரவுசர் அகலவாட்டில் இரண்டு புள்ளிகளை ஒன்றாக எண்ணும்; 1080 × 2400 போன் பலவற்றில் மூன்றை ஒன்றாக எண்ணும். அப்போது இரண்டிலும் சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழி) கணக்கில் அகலம் 360தான். இதற்குப் பக்கத்தின் அகலத்தை பிரவுசருக்குச் சொல்லும் வியூபோர்ட் மெட்டா டேக் அவசியம்: விட்த் டிவைஸ்-விட்த், இனிஷியல்-ஸ்கேல் 1. அது விட்டுப்போனால் பிரவுசர் பக்கத்தை 980 பிக்சல் அகலம் என்று எடுத்துக்கொண்டு சுருக்கிவிடும், எழுத்து கடுகாகிவிடும். அதே டேகில், விரலால் பெரிதாக்குவதைத் தடுக்கும் யூசர்-ஸ்கேலபிள் நோ சேர்க்காதீர்கள். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்த பெரியவர் விரலால் விரித்துப் படிக்கட்டும்.

தமிழ்ப் பக்கம் பெரும்பாலும் தலைப்பில்தான் உடையும். இரு ஓரமும் 16 விட்டால் மிச்சம் 328. "திருவனந்தபுரத்திலிருந்து" என்ற ஒரே சொல்லை 32 பிக்சல் தடிமன் எழுத்தில் போட்டால் அது 328-இல் அடங்காது. பக்கம் முழுவதும் பக்கவாட்டில் நகரத் தொடங்கும். ஆங்கில மாதிரி வாசகத்தை வைத்து டிசைன் செய்தால் இது கடைசிவரை கண்ணில் படாது. போனில் தலைப்பை 22 அளவுக்கு இறக்குங்கள். அடங்காத சொல்லை முறித்து அடுத்த வரிக்குத் தள்ளும் ஓவர்ஃப்ளோ-ராப் பிரேக்-வேர்ட் என்ற சிஎஸ்எஸ் வரியைக் கொடுப்பது காப்புக்கு மட்டும். அது சொல்லைக் கண்ட இடத்தில் முறிக்கும். உடல் எழுத்து 17 அல்லது 18, வரி உயரம் 1.7. மேலும் கீழும் நீளும் தமிழ் எழுத்துக்கு 1.4 நெரிசல்.

பூ விலைப் பட்டியலில் பெயர், அளவு, காலை விலை, மாலை விலை, தேதி என்று ஐந்து பத்தி வைத்தால் 328-க்குள் எதுவும் படிக்க முடியாது. பிச்சிக்கு ஒரு பெட்டி, கேந்திக்கு ஒரு பெட்டி என அடுக்கி, தேதியை மேலே ஒரே தடவை போடுங்கள்.

புக்கிங் படிவத்தில் உள்ளீட்டுப் பெட்டியின் எழுத்து 16-க்குக் குறைந்தால் ஐபோன் சஃபாரி தட்டியதும் பக்கத்தைப் பெரிதாக்கும். பட்டன் உயரம் 48 இருக்கட்டும். கடற்கரை வெயிலில் வெளிர் சாம்பல் எழுத்து தெரியவே தெரியாது, எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5:1 கான்ட்ராஸ்ட் குறைந்தபட்சம்.

அடுத்த பிரேக்பாயிண்டை, அதாவது பக்கத்தின் அமைப்பு மாறும் அகலத்தை, போன் மாடல் பார்த்து வைக்க வேண்டாம். பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில் உள்ள போன் பார்வையில் அகலத்தை 360-இலிருந்து மெல்ல இழுத்துக் கூட்டுங்கள். வரி நீண்டு கண் தடுமாறும் இடத்தில் ஒன்று, இரண்டு பெட்டிகள் அருகருகே தாராளமாக உட்காரும் இடத்தில் ஒன்று. வாசிக்கும் பத்தி 680-க்கு மேல் போக வேண்டாம். லேப்டாப்பில் 1920 என்று எழுதியிருந்தாலும் விண்டோஸ் ஸ்கேலிங் 125 சதவீதம் என்றால் பிரவுசருக்குக் கிடைப்பது 1536, 150 என்றால் 1280. 1366 × 768 திரையில் டேப், அட்ரஸ் பார், டாஸ்க்பார் போக உயரம் 650-க்குள்தான். போன் நம்பரும் வாடகையும் அந்த உயரத்துக்குள் வரட்டும்.

குரோமில் எஃப்12 அழுத்தி டெவலப்பர் டூல்ஸைத் திறந்து, கண்ட்ரோல்+ஷிஃப்ட்+எம் அழுத்தி 320, 360, 412, 768, 1366 ஐந்திலும் பாருங்கள். பிறகு போன் செட்டிங்ஸில் எழுத்தைப் பெரிதாக்கி, உண்மையான போனில், வெளியே வெயிலில் நின்று ஒருமுறை.