சுவரில ஊருற பூசணி விதை

குசினிச் சுவர் மூலையில பூசணி விதை மாதிரித் தட்டையா, சாம்பல் நிறத்தில ஒண்டு ஒட்டிக்கொண்டு கிடக்குமே, கட்டாயம் கண்டிருப்பியள். சின்னனில இருந்து அதைக் குப்பை எண்டு நினைச்சு விளக்குமாத்தால தட்டிவிடுறதுதான் என்ர வேலை. போன கார்த்திகை, ஒரே மழை, கரண்டும் இல்லை, போன் டோர்ச்சை அடிச்சுக்கொண்டு சும்மா இருந்தா அந்தக் குப்பை மெல்ல மேல ஏறுது!

கிட்டப் போய்ப் பாத்தா ஒரு நுனியால கபிலத் தலையும் ஆறு காலும் வெளியில. தொட்டன், டக்கெண்டு உள்ள இழுத்திட்டுது, கொஞ்சத்தால மற்ற நுனியால எட்டிப் பாக்குது. ரெண்டு பக்கமும் வாசல், உள்ளுக்கயே திரும்பிக்கொள்ளுது.

இது ஒரு சின்ன அந்துப்பூச்சியின்ட புழு. தன்ர பட்டு நூலில மண், தூசி எல்லாம் ஒட்டி அந்தக் கூட்டைக் கட்டி, வளர வளரப் பெருப்பிக்கும். இலங்கையில இருக்கிறது பீரியோயிகா அலூட்டெல்லா எண்டு போட்டிருக்கு, அலூட்டெல்லா எண்டது 1892ல ரெபெல் எண்ட பூச்சி ஆய்வாளர் வைச்ச பேர். ப்ளோரிடாவில இதின்ட சொந்தக்காரன் ஒண்டை வளத்துப் பாத்தவை, புழுவா 50 நாள் மட்டில, கூட்டுப்புழுவா ரெண்டு கிழமை சொச்சம். சாப்பாடு என்ன தெரியுமோ, பழைய சிலந்தி வலை! செத்த பூச்சி, மயிர் எண்டாலும் சரி. ஈரலிப்பும் வேணும், அதுதான் மாரியில இவ்வளவு.

ஒண்டைப் பிடிச்சு ஜாம் போத்தலில விட்டு, மேல நெற்துணி கட்டி, ஒட்டறையும் அம்மான்ர நீலச் சீலைத் தும்பும் போட்டன். அம்மா விசரோ எண்டு கேட்டா. ஒரு கிழமையால பாத்தா கூட்டு நுனியில மெல்லிசா ஒரு நீலக் கரை!

பிறகு போத்தல் சுவரில கூட்டை ஒட்டிப்போட்டு அசையேல்லை. செத்துப்போச்சு எண்டுதான் நினைச்சன். மார்கழிக் கடைசியில ஒருநாள், கூட்டு வாயில வெறுங்கோது பாதி வெளியில நீட்டிக்கொண்டு நிக்குது, பக்கத்தில பூச்சி. விரிச்சாலும் ஒரு சென்ரிமீற்றர்தான் வரும், வெள்ளிச் சாம்பல், செட்டையில கறுப்புப் பொட்டு ரெண்டு மூண்டு, ஓரத்தில குஞ்சம் மாதிரி மயிர், தலையில பரட்டை. நெற்றை அவிட்டுவிட்டன், பறக்கும் எண்டு பாத்தா, நடந்து போய்ச் சுவர் ஓரமா நிலத்தில குந்திட்டுது.

பொங்கலுக்கு ஒட்டறை அடிக்க அம்மா தும்புத்தடியோட வந்தா, குசினி மூலையை மட்டும் விடச் சொல்லிப் பாத்தன். ஏச்சுத்தான் விழுந்தது.