நாயின் காதை வீட்டில் சோதிக்கும்போது

"மனுஷனுக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் கேக்கும்னு படிச்சோம். நீங்க 8,000லயே நிறுத்திட்டீங்களே?" சென்னையில் செவிப் பரிசோதனை அறையில் வேலை பார்ப்பவர்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. ஹெர்ட்ஸ் என்பது அதிர்வெண், அதாவது ஒலி நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்ற கணக்கு. பேச்சைப் புரிந்துகொள்ளத் தேவையான ஒலிகள் பெரும்பாலும் 250 முதல் 8,000 ஹெர்ட்ஸுக்குள் வந்துவிடும், அதனால் வழக்கமான சோதனை அங்கே முடிகிறது. 20,000 என்பது சிறுபிள்ளைகளின் காதுக்கு உரியது. ஐம்பதைத் தாண்டியவர்களில் பலருக்கு 15,000 கேட்காது.

எவ்வளவு சத்தத்தில் கேட்டது என்று சொல்லாத வரை இந்த எண்களுக்குப் பொருளில்லை. சத்தத்தை டெசிபலில் அளப்பார்கள். 20 ஹெர்ட்ஸ் ஒலி நம் காதில் விழ 80 டெசிபலுக்கு அருகில் தேவை. 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் 0 டெசிபலே போதும். எல்லோருக்கும் 60 டெசிபல் என்று வைத்து அளந்தால் மனிதனுக்கு 31 முதல் 17,600 ஹெர்ட்ஸ், நாய்க்கு ஏறத்தாழ 67 முதல் 45,000, யானைக்கு 17 முதல் 10,500. கீழ்க்கோடியில் நாயைவிட நமக்குத்தான் நன்றாகக் கேட்கிறது! தலை சிறுத்தால் இரண்டு காதுக்கும் இடைவெளி குறையும். ஒலி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பிரித்தறிய அப்போது உயர் அதிர்வெண்கள் தேவைப்படும். பெருந்தலை யானைக்கு மேல் எல்லை தாழ்ந்திருப்பதை இப்படித்தான் விளக்குகிறார்கள்.

மனிதர்களுக்குச் சோதனையை 1,000 ஹெர்ட்ஸில் தொடங்குவோம். ஒலி கேட்டதும் அவர்கள் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். கேட்டால் 10 டெசிபல் குறைப்பு, கேட்காவிட்டால் 5 டெசிபல் ஏற்றம். ஏற்றிக்கொண்டு வரும்போது பாதி முறையாவது பொத்தான் அழுத்தப்படும் மிகக் குறைந்த அளவைத்தான் குறித்துக்கொள்வோம். தவறு பெரும்பாலும் ஹெட்போன் மாட்டும்போதே நுழைந்துவிடும். ஜிமிக்கியும் மூக்குக்கண்ணாடியும் கழற்றப்படாவிட்டால் ஹெட்போனின் மெத்தைக்கும் காதுக்கும் நடுவே சந்து விழும், 250 ஹெர்ட்ஸ் ஒலி அதன் வழியே கசிந்துவிடும். பக்கத்தில் ரயில் போனாலும் அதே 250தான் கெடும். ரயில் கடந்தபின் திரும்ப எடுக்க வேண்டும். முதியவர்களுக்கு வேறு தொல்லை: ஹெட்போன் அழுத்தத்தில் காதுக்குழாய் மடிந்து, நன்றாக இருக்கும் காதும் உயர் அதிர்வெண்களில் மந்தமாகத் தெரியும். காதுக்குள் செருகும் இயர்போனில் மறுபடி பார்த்தால் அந்தக் குறை காணாமல் போகும்.

இத்தனை கவனமும் நாய்க்கும் வேண்டும். கைதட்டிப் பார்ப்பதில் பயனில்லை; காற்றசைவும் கையின் நிழலும் போதும், அது திரும்பிவிடும். தரையைத் தட்டினால் அதிர்வு பாதத்துக்குப் போய்ச் சேரும். தூங்கும் நேரத்தில், மூக்குக்கு எட்டாத தூரத்தில், பின்னாலிருந்து சாவிக்கொத்தை ஒருமுறை குலுக்குங்கள். நமக்குக் கேட்காத மீயொலியும் அதில் உண்டு. காதுமடல் அசைகிறதா என்று பாருங்கள். நான்கைந்து முறைக்குமேல் செய்தால் பழகிப்போய்ப் பேசாமல் படுத்திருக்கும். கைப்பேசியின் 'நாய் விசில்' செயலியை நம்ப வேண்டாம். சாதாரண கைப்பேசி ஒலி 24,000 ஹெர்ட்ஸைத் தாண்டாது, அதன் குட்டி ஸ்பீக்கர் அதற்கு முன்பே தளர்ந்துவிடும்.

ஒரு காது மட்டும் கேட்காத நாய் இதில் தப்பிவிடும். கூப்பிட்டால் வரும், ஆனால் எந்தப் பக்கம் என்று தெரியாமல் சுற்றும்முற்றும் தேடும். அதை உறுதிசெய்ய, தலைத் தோலடியில் மெல்லிய ஊசி மின்முனைகள் பொருத்தி, ஒவ்வொரு காதிலும் தனித்தனியே 'கிளிக்' ஒலி கொடுத்து, மூளைத்தண்டின் மின்துடிப்பைப் பதிவு செய்ய வேண்டும். குட்டிக்கு ஆறு வாரம் ஆனபின் செய்யலாம்.