மினிபஸ்ஸில் வந்த மாலி நாட்டுக் கிற்றார்

சுன்னாகம் தாண்டேக்க காதுக்குள் ஒரு கிற்றார்.

நாதஸ்வரத்தில் சுத்த தன்யாசி ராகம் முடிய, ஸ்பொட்டிபை தானாக எடுத்துவிட்ட பாட்டு. பாடியவர் மாலி நாட்டு அலி ஃபார்கா தூரே. மொழி விளங்கவில்லை. ஐந்து சுரங்களுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி, பாடுகிற ஒவ்வொரு வரிக்கும் அந்தக் கிற்றார் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

பக்கத்திலிருந்த அம்மாவுக்கு ஒரு இயர்போனைக் குடுத்தன்.

"இது எங்கட ராகமெல்லே தம்பி?"

செயலி இப்படி அடுத்த பாட்டை எப்படித் தெரிவு செய்கிறது? பண்டோரா என்ற அமெரிக்க இணைய வானொலிக்காக இசைக்கலைஞர்கள் இருந்து கேட்டு, ஒரு பாட்டை 450 வரையான இயல்புகளாகப் பிரித்தார்கள். இப்போதைய செயலிகள் கேட்பவர்களின் பழக்கத்தையும் பார்க்கின்றன: இதைக் கேட்டவர் வேறு எதைக் கேட்டார்?

அப்படியெண்டால் எனக்கு முன்னமே யாரோ இரண்டையும் சேர்த்துக் கேட்டிருக்கலாம். முகம் தெரியாத அந்த ஆளுக்கு என் நன்றி.

உங்களுக்கு இப்படி வந்து சேர்ந்த பாட்டு எது? சொல்லுங்கோ, அம்மாவோட இருந்து கேட்கிறன்.