மேட்டுப்பாளையத்தோடு நின்ற பயணம்

அப்பா திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்தவர். ஊட்டி மலை ரயிலுக்காக, ஃபர்னஸ் ஆயிலில் ஓடும் நீராவி இன்ஜின் 2011-ல் அங்கேதான் தயாரானது. அந்த வேலையில் அவரும் இருந்தார். அடுத்த வருடமே ஓய்வு. தன் கை பட்ட இன்ஜின் மலையேறுவதை அவர் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. டிசம்பரில் மூட்டு அறுவை சிகிச்சை என்று முடிவானதும், அதற்கு முன்னால் கூட்டிப்போய்விட நவம்பரில் டிக்கெட் எடுத்தேன். மழைக்காலம் என்று தெரியும். எனக்கு அப்போதுதான் லீவு கிடைத்தது.

மலை ரயில் புறப்படும் மேட்டுப்பாளையத்துக்கு முதல் நாளே வந்து, ஸ்டேஷன் பக்கத்தில் அறை எடுத்தோம். இரவெல்லாம் மழை. காலை 7.10-க்கு வண்டி, அப்பா நாலு மணிக்கே குளித்துவிட்டு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார்.

ஸ்டேஷனில் சொல்லிவிட்டார்கள். கல்லாறுக்கும் ஹில்குரோவுக்கும் நடுவில் மண் சரிந்து, பாறை தண்டவாளத்தில் கிடக்கிறது. மூன்று நாளைக்கு வண்டி இல்லை. பணம் திரும்பி வந்துவிடும்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்பாதான் தோளைத் தட்டினார்.

“ராத்திரி சரிஞ்சதால தண்டவாளத்து மேல விழுந்துச்சு. இதே காலைல சரிஞ்சிருந்தா? விடும்மா.”

குன்னூர் வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து ஊட்டிக்கு ரயில் ஏறலாமே என்று கேட்டேன். அந்தப் பாதையில் டீசல் இன்ஜின். “அதுக்கா இவ்வளவு தூரம் வந்தேன்?” என்றார். சரி, அதையும் விட்டேன்.

அப்புறம் பெஞ்சில் உட்கார்ந்து சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்தார். என் சீப்பையும் கேட்டு வாங்கினார். இரண்டையும் பல் மேலே இருக்கும்படி ஒட்டிப் பிடித்து, ஒன்றை மட்டும் அரைப் பல் தள்ளி வைத்தார். கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவில் இப்படித்தான் இரண்டு பல் சட்டம் ஓடுகிறதாம். இன்ஜினின் பல் சக்கரம் அதைப் பிடித்துக்கொண்டுதான் ஏறும். பன்னிரண்டரை அடி போனால் ஒரு அடி ஏற்றம்.

“ஒரு சட்டத்துல பல்லு விடுபடுற நேரத்துல, பக்கத்துச் சட்டத்துல நல்லா பிடிச்சிருக்கும். அதான் நழுவாது.” ஆள்காட்டி விரலைச் சீப்புகளின் மேல் மெதுவாக உருட்டிக் காட்டினார். அவர் பணிமனையில் என்ன செய்தார் என்று இத்தனை வருடத்தில் நான் கேட்டதே இல்லை. அன்று ஒரு மணி நேரம் கேட்டேன். மலையேறியிருந்தால் நானும் ஜன்னலோரம் போட்டோ எடுத்துக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

மழை விட்டதும் ஆட்டோ பிடித்து வனபத்ரகாளியம்மன் கோயிலுக்குப் போனோம். பவானி செம்மண் நிறத்தில் கரை தொட்டு ஓடியது. வரும் வழியில் கிழங்கு மண்டி. மலையிலிருந்து இறங்கிய உருளைக்கிழங்கு மூட்டை மூட்டையாகக் கிடந்தது. அப்பா ஒன்றைத் தேய்த்து மண்ணை முகர்ந்து பார்த்தார். மூன்று கிலோ வாங்கினோம்.

திரும்பும் ரயிலில் ஈரோடு தாண்டியதும் கேட்டார்: “எத்தனை நாளைக்கு முன்னாடி டிக்கெட் எடுக்கலாம்?”

“அறுபது நாள்ப்பா.”

விரல் விட்டு எண்ணினார். “மார்ச்சுல முட்டி சரியாயிடும். ஜனவரியிலயே போட்டுடு.”